முள் காட்டிய ஐம்பது

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் நூலகத்தில் பார்த்து எழுதுவதைவிட, கையில் கிரீஸ் பூசிக்கொண்டு நானே கற்ற ஒன்றை எழுதினால் என்ன என்று தோன்றியது. கற்றேன் என்பதைவிடத் தவறினேன் என்பதே பொருந்தும். என் தவற்றால் ஒரு நல்ல மனிதர்மீது ஒரு வாரம் திருட்டுப் பழி நின்றது. அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத இயலாது.

என் தந்தை மீட்டர் மெக்கானிக். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில், எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. ஆட்டோ மீட்டர், கார், லாரிகளின் ஸ்பீடாமீட்டர், அறுந்த கேபிள் இவைதாம் அவருடைய உலகம். இன்றைய வண்டிகளில் எல்லாம் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டதால் வேலை குறைந்துவிட்டது. வேறொரு வகையில் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அதை அவர் செய்வதில்லை. பழைய கார் தரகர்கள் வருவார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை நாற்பதாயிரம் ஓடியதாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். பத்து நிமிட வேலை. கேட்ட பணம் கிடைக்கும். “கண்ணு தெரியலை, வேற கடை பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார். கண் நன்றாகவே தெரியும்! பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்திலும் அவருக்குக் கண் தெரியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்பொழுதெல்லாம் எனக்கு அவர்மீது கோபமே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. நடத்துபவரைத் தெருவே ‘பாய்’ என்று அழைக்கும். எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு என்று கனமான வேலைகள் அவருடையவை. முள்ளும் முடியிழைச் சுருளுமான வேலைகள் அப்பாவுடையவை. இருவருக்கும் ஒரே தேநீர்க் கணக்கு.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்து நின்றது. நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட காரை, 1961 முதல் சென்னையிலேயே, வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் தயாரித்தார்கள். ஆக, இது நம் ஊர்க் கார்! 948 கன செ.மீ. எஞ்சின். முன்பக்க மூடியைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முன்னோக்கிச் சாயும். முதலை வாய் பிளந்ததுபோல் இருக்கும். இதன் சட்டத்தைச் சற்றே குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் படைத்தார்கள். இரண்டுக்கும் உருவம் தந்தவர் இத்தாலியரான மிக்கேலாட்டி. எனவே குடும்பக் காரான ஹெரால்டுக்குள் பந்தயக் காரின் உறவு கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லப்போகும் தகராறும் அந்த உறவால் வந்ததுதான்.

காரின் உரிமையாளர் ஓய்வு பெற்ற ஓர் அலுவலர். ஆவடியில் வீடு. 1966-இல் அவருடைய தந்தை வாங்கிய கார். சிறுவயதில் அதில் ஏறிச் சோழவரம் கார்ப் பந்தயத்துக்குப் போன கதையை எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயச் சாலை வரும்வரை சென்னைக்காரர்களுக்குக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

அவர் முதலில் அப்பாவிடம்தான் வந்தார். ஸ்பீடாமீட்டர் முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிறது என்றார். அப்பா இற்றுப்போன கேபிளை மாற்றினார், மீட்டரைத் திறந்து சுத்தம் செய்தார், முள் அமைதியாயிற்று. அடுத்த வாரம் காரின் பின் அச்சில் கடகடவென்று சத்தம். பாய் பிரித்துப் பார்த்தார். கிரௌன் வீலில் பல் உடைந்திருந்தது. புதுப்பேட்டையில் தேடாத கடையில்லை, கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மகன், அங்கே பிரித்துப் போட்ட ஒரு ஸ்பிட்ஃபயரின் டிஃபரன்ஷியலை அனுப்பிவைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. பாய் மாட்டிக் கொடுத்தார். வண்டி முன்னைவிட அமைதியாக ஓடிற்று. உரிமையாளர் மகிழ்ந்து போனார்.

ஒரு மாதம் கழித்து முகம் சிவக்க வந்தார்.

“என்னப்பா செஞ்ச மீட்டருக்கு? முள் அம்பது காட்டுது. போன்ல பார்த்தா அம்பத்தொன்பது! லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் குடுத்த வண்டி இப்போ பத்தரைதான் குடுக்குது. மீட்டர்ல கை வச்சவன் நீதானே?”

கைப்பேசியே செயற்கைக்கோளைக் கேட்டு வேகத்தைச் சொல்லிவிடும் காலம் இது. அது சொன்னது உண்மைதான். முள் காட்டியது தவறுதான். ஆனால் தவறு எங்கே என்று கைப்பேசி சொல்லாதே! அப்பா மீட்டரைக் கழற்றிப் பார்த்தார். “மீட்டர் சரியாத்தான் இருக்கு சார். புது கிரௌன் போட்டதால வர்ற வித்தியாசம்” என்றார். “அதெப்படி? பின்னாடி மாத்தினா முன்னாடி ஏன் மாறும்?” என்றார் அவர். அப்பாவுக்குத் தெரியும்; ஆனால் சொல்லி விளக்க வரவில்லை. நான் அன்று விடுமுறையில் கடையில் இருந்தேன். இயற்பியல் மாணவன் வாய் மூடி இருப்பானா?

“சார், புது டிஃபரன்ஷியல் என்ன விகிதம்?” என்று கேட்டேன். மகன் அனுப்பிய சீட்டில் 4.11 என்று இருந்தது. அதாவது பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு 4.11 சுற்றுச் சுற்ற வேண்டும். “இதோ, சோதித்தே காட்டிவிடுகிறேன்” என்று பாயின் ஜாக்கியை வாங்கி, ஒரு பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கினேன். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்திலும் தண்டிலும் சாக்பீசால் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

தண்டு இரண்டு சுற்றும் சற்றே மேலும் சுற்றி நின்றுவிட்டது.

மறுபடி செய்தேன். மறுபடியும் இரண்டு. நான் எழுந்து, கல்லூரியில் படிக்கிறவன் என்ற முழு நம்பிக்கையோடு சொன்னேன்: “சார், இது நாலே இல்லை. ரெண்டுதான் வருது.”

பாய் திகைத்தார். “ரெண்டா? ரெண்டுல எந்த வண்டிக்கும் கிரௌன் கிடையாது தம்பி” என்றார். உரிமையாளர் கேட்கவில்லை. “அப்போ என் பையன் அனுப்பினது எங்கே? இங்கிலாந்துச் சாமானை வித்துட்டு எதையோ மாட்டிட்டியா?” என்று பாயின்மேல் பாய்ந்தார். தெருவே கூடிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே ஷெட் நடத்தும் மனிதர், ஒரு சொல்லும் பேசாமல், கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் காவல் நிலையம் போவேன் என்று சொல்லிவிட்டு அவர் வீடு போய்விட்டார்.

அன்றிரவு அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது திரும்பாமலே சொன்னார்: “இன்னொரு சக்கரம் தரையில இருந்துச்சே. பாதிதான் வரும்.”

எனக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே! வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமும் உள்சக்கரம் குறைவுமாகச் சுற்ற வேண்டும். அதற்கு இடம் கொடுக்கவே அந்தப் பல்சக்கரக் கூட்டம். இரு சக்கரச் சுற்றுகளின் சராசரி எதுவோ அதுதான் கிரௌன் வீலின் சுற்று. ஒரு சக்கரம் ஒரு சுற்று, தரையிலுள்ள மற்றது சுழி. சராசரி அரைச் சுற்று. 4.11-இல் பாதி 2.05! நான் கண்ட ‘இரண்டும் சற்றே மேலும்’ என்பது அப்பழுக்கில்லாத 4.11-இன் சாட்சியம். என் குறிப்பேட்டில் இந்தச் சமன்பாடு இருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா? பாயும் சொல்லலையே?”

“மீட்டர்காரனும் மெக்கானிக்கும் சேர்ந்து சொன்னா கூட்டுக் களவுன்னுதான் அவர் நினைப்பார். நீ சொன்னதை அவர் நம்பினாரில்ல? நீதான் மாத்திச் சொல்லணும். அப்பதான் நிக்கும்.”

கேட் திறந்துவிட்டது, அதற்குமேல் அவர் பேசவில்லை.

அந்த வாரம் முழுதும் மாலை நேரத்தில் அப்பாவிடம் மீட்டரைப் பற்றிப் பாடம் கேட்டேன். 1902-இல் ஓட்டோ ஷுல்ட்சே என்னும் ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற முறைதான் இதிலும். கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்து ஒரு கேபிள் சுழன்றபடி வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. ஒரு முடியிழைச் சுருள் தடுக்கிறது. இந்த இழுபறியின் முடிவுதான் முள் நிற்கும் இடம். நாம் ஆய்வகத்தில் படிக்கும் லென்ஸ் விதி, ஓட்டுநரின் கண்ணெதிரே நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆனால் தூரத்தைக் காட்டும் எண் உருளைகளுக்கும் காந்தத்துக்கும் தொடர்பே கிடையாது. அவை பல்லோடு பல் கோத்து, கேபிள் இத்தனை சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டே போகும். “சுருளைத் தொட்டா முள்ளு மாறும்; நம்பர் மாறாது. நம்பரும் முள்ளும் ஒரே அளவுல குறைஞ்சா, தப்பு மீட்டருக்கு வெளியில” என்றார் அப்பா. இந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். கணக்கு அதில் இருந்தது.

பாயின் சாக்கு மூட்டையில் பழைய கிரௌனும் பினியனும் கிடந்தன. எண்ணினேன்: உடைந்த பல்லையும் சேர்த்து 39, பினியனில் 8. வகுத்தால் 4.875. புதியது 37-க்கு 9, அதாவது 4.11. கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதால் தண்டின் சுற்றைத்தான் எண்ணும். சக்கரத்தை அது பார்ப்பதே இல்லை. முன்பு சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு 4.875 சுற்றியது, இப்போது 4.11 போதும். மீட்டரோ இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. 4.11-ஐ 4.875-ஆல் வகுத்தால் 0.843. உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் 84.3 என்று காட்டும். 59 கிலோமீட்டர் வேகத்தில் 50 என்று காட்டும். கைப்பேசி சொன்னதும் அதுதானே!

ஞாயிறு காலை உரிமையாளர் வந்தார். எல்லோர் முன்னிலையிலும், “சார், அன்று நான் செய்த சோதனை தவறு. பாய்மேல் ஒரு குற்றமும் இல்லை” என்று முதலில் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டதை இன்று நினைத்தாலும் உணர்கிறேன். பிறகு இரண்டு பக்கமும் தூக்கி, கட்டைகளில் நிறுத்தினோம். ஹெரால்டைத் தூக்கினால் பின்சக்கரங்கள் கொக்கு காலை மடக்குவதுபோல் உட்புறமாக மடங்கும்; பார்க்க வேடிக்கை. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பாயும் அமர்ந்து சக்கரங்களைச் சேர்ந்தாற்போல் பத்துச் சுற்றுச் சுற்றினோம். ஒருவர் மட்டும் சுற்றினால் மற்றது எதிர்ப்புறம் ஓடிவிடும், ஆகையால் பாய் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தாளம் போட்டார். தண்டின் சுற்றை உரிமையாளரே சாக்கில் படுத்து எண்ணினார். நாற்பத்தொன்றும் சிறிதும். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். பாயைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார்.

“சரி, நாலு புள்ளி ஒண்ணு ஒண்ணுதான். மீட்டர்?”

அதற்குச் சாலை வேண்டும். ஆவடி வழியாகப் பூந்தமல்லி போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் கல்லருகே நிறுத்தினோம். கடைசி உருளையின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் காற்று குளிர்ச்சியாக அடித்தது. அப்பா முன்னால்; நானும் பாயும் பின்னால். லாரிகள் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தச் சின்னக் கார் ஒரு முறை அசைந்து கொடுத்தது. ஒவ்வொரு கல்லையும் உரிமையாளர் உரக்க எண்ணினார். இருங்காட்டுக்கோட்டையை நெருங்கும்போது பத்தாம் கல். உருளைகள் 8.4 கிலோமீட்டர் கூடியிருந்தன. முள் 50-இல் நின்ற நேரமெல்லாம் கைப்பேசி 59 என்றது. எண்ணும் முள்ளும் ஒரே பங்கில் குறைந்திருந்தன. அப்பா மீட்டருக்குத் தீங்கு செய்திருந்தால் முள் மட்டுமல்லவா கெட்டிருக்க வேண்டும்!

சாலையோரம் தேநீர் குடித்துக்கொண்டே பெட்ரோல் கணக்கையும் போட்டோம். மீட்டர்படி லிட்டருக்குப் பத்தரை. மீட்டர் குறைத்துச் சொல்வதால் அதை 0.843-ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு அருகில் வருகிறது. குறையவில்லை, அரை கிலோமீட்டர் கூடியே இருக்கிறது. “இவ்வளவுதானா?” என்றார் அவர். பதினைந்தாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்!

வண்டி அமைதியானதற்கும் காரணம் இதுவே. சக்கரத்தில் கோடு போட்டு ஓட்டி அளந்தேன். பத்துச் சுற்றுக்கு 17.6 மீட்டர். டாப் கியரில் எஞ்சினும் தண்டும் ஒன்றாகவே சுற்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,770 சுற்றுச் சுற்றியது. இப்போது 2,340 போதும். நெடுஞ்சாலையில் சுகம். ஆனால் இழுவை குறையும், சிறிய எஞ்சின்தானே. பாடி மேம்பாலம் ஏறும்போது முன்பு டாப்பிலேயே ஏறியது இப்போது மூன்றாவது கியர் கேட்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஸ்பிட்ஃபயருக்கு 1,147 கன செ.மீ. எஞ்சின் இருந்தது, அதற்கு இந்த விகிதம் தாங்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. முள் 80 காட்டுகையில் வண்டி 95-இல் போயிருக்கிறது, அறுபதாண்டுப் பழைய பிரேக்கோடு! ஸ்பீடாமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் விதிமுறை. அதனால்தான் பெரும்பாலான புதிய வண்டிகளில் முள் ஓரிரு கிலோமீட்டர் முன்னால் நிற்கிறது. உரிமையாளர் அன்று திரும்பும்போது 45-ஐத் தாண்டவில்லை.

சரி செய்வது எப்படி? கேபிளை 1.186 மடங்கு வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். சரியான பின்னம் 351-க்கு 296. அத்தனை பல் போட்டால் டப்பா காரைவிடப் பெரிதாகிவிடும். துணைப்பாடமான கணிதத்தில் தொடர் பின்னம் நடத்தியபோது ‘இதனால் யாருக்கு என்ன பயன்’ என்று கடைசி வரிசையில் முணுமுணுத்தவன் நான். அம்முறையில் இறங்கினால் 6-க்கு 5, 13-க்கு 11, 19-க்கு 16, 32-க்கு 27 என்று வரும். கடைசிப் பின்னத்தில் பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 32 பல் ஒன்று, 27 பல் ஒன்று என்று படம் போட்டு அப்பாவிடம் பெருமையாக நீட்டினேன்.

பார்த்துவிட்டு, “முள்ளு பின்னாடி போகுமே” என்றார்.

ஆமாம்! ஒன்றோடொன்று கோத்த இரு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் அல்லவா சுற்றும்! நடுவில் ஒரு சும்மாச் சக்கரம் வைத்தால் திசை திரும்பும், விகிதம் மாறாது. அதையும் அவரே பென்சிலால் வரைந்து கொடுத்தார். தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் பித்தளையில் வெட்டித் தந்தார். தீப்பெட்டி இரண்டை ஒட்டியது போன்ற ஒரு சிறு பெட்டி. கியர் பாக்ஸுக்கும் கேபிளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கற்கள். பத்தாம் கல்லில் உருளை சரியாகப் பத்து காட்டியது. உரிமையாளர் வண்டியை ஓரம் நிறுத்தி இறங்கினார். கதவைத் திறந்து பாயிடம், “மனசுல வச்சுக்காதீங்க” என்றார். பாய், “வண்டி நல்லா ஓடுதா சார்? அது போதும்” என்றார். அப்பா லேத்துக்காரருக்குக் கொடுத்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

நான் பாயிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டது மறுநாள் மாலை. அவர் ஒரு வேனின் அடியில் படுத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. பிறகு கையை மட்டும் நீட்டி, “தம்பி, அந்த ரெண்டாவது ஜாக்கியை எடு” என்றார்.